மத்தியான வண்டிக்கு முன் பார்த்த மனை

கட்டடம் வரைவதற்கு முன் மனையை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு வரைவது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிற இரண்டாவது பாடம்.

நான் சென்னையில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் ஆசிரியன். ஐம்பதைத் தாண்டியவன். மாணவர்களை ஒரு பொட்டல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தி, "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பது என் பிழைப்பு. "ஒன்றுமில்லை சார்" என்பார்கள். அந்த ஒன்றுமில்லாத இடத்தில் வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், பக்கத்து மனைக்காரன் என்ன செய்கிறான் என்று ஒவ்வொன்றாக எழுதவைப்பேன். இதற்கு சைட் அனாலிசிஸ் என்று கம்பீரமான பெயர். திருநின்றவூர்ப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் குடையோடு போய் அதை வெறித்துப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் செய்வதும் இதே வேலைதான். ஆகவே நான் படும் பாடு உங்களுக்குப் புரியும்.

சில வருஷங்களுக்கு முன், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்த சமயம். சோடா, கலர் புட்டிகளுக்குத் தகர மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்று அங்கே நடந்தது. மூடிக்குள் தக்கை வைக்கும் வேலை பெண்களுடையது. அவர்களுடைய கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் கட்டலாமா என்று பேச்சு எழுந்தது. சட்டம் வற்புறுத்துகிற அளவுக்குப் பெண்கள் அங்கே இல்லை. கட்டாவிட்டால் கேட்பாரும் இல்லை. மாணவர்கள் என்றால் இலவசமாகப் படம் போட்டுத் தருவார்கள் என்று யாரோ சொல்ல, மேனேஜர் எங்கள் கல்லூரிக்கு ஆள் அனுப்பினார். மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு அதையே பயிற்சியாகக் கொடுத்தேன். அதில் நான் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு, சும்மா நின்றது எவ்வளவு என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வடக்கு

தொழிற்சாலையின் நிலம் ரோட்டை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடந்தது. வடக்குக் கோடியில் பெரிய கேட். அதன் பக்கத்திலிருந்த காலி இடம்தான் காப்பகத்துக்கு. தெற்குக் கோடியில் பட்டறை; பட்டறை வாசலை ஒட்டி சைக்கிள் ஸ்டாண்டு. கேட்டுக்கு எதிரே, ரோட்டின் கிழக்குப் பக்கம், சாயப்பொடி செய்யும் வேறொரு தொழிற்சாலையின் புகைபோக்கி நின்றது. இவ்வளவையும் இப்போது நிம்மதியாகச் சொல்கிறேன். முதல் நாள் எங்களுக்கு வடக்கே கிடைக்கவில்லை.

கஜேந்திரன் என்று ஒரு மாணவன். வகுப்பிலேயே அழகாகப் படம் போடுகிறவன். சந்தேகம் என்ற வியாதி இல்லாதவன். காம்பஸ் வைக்க உயரமான மேடை ஒன்றைப் பார்த்து வைத்தான். அது தகரக் கழிவைக் கட்டிக் கட்டி அடுக்கிய குவியல். முள் தகரத்தைப் பார்த்துத் தலைசாய்த்து நின்றது. சுகந்தி என்ற மாணவி தரையில் கம்பை நட்டு, நிழலைப் பார்த்து வேறொரு வடக்கைச் சொன்னாள். இரண்டு வடக்குகளுக்கும் நடுவில் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டது.

கேட்டுக்கு வெளியே ஒரு புங்கமரம். அதில் நாலைந்து தூளிகள் தொங்கின. பெண்கள் முறைவைத்துக்கொண்டு ஒருத்தி மாற்றி ஒருத்தி வெளியே வந்து அவற்றைப் பார்த்துக்கொள்வார்கள். அன்று முறை சரோஜாவுடையது. காப்பகம் வேண்டும் என்று மேனேஜரிடம் நடையாய் நடந்தவள் அவள்தான். ஒரு தூளியில் கிடந்தது அவளுடைய பெண் குழந்தை. எங்கள் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வடக்கு எந்தாண்ட இருந்தா இன்னா சார்? புள்ளைங்க உள்ளாண்ட இருந்தா சரி."

நாடாவின் மறுமுனை

மழைத்தண்ணீர் எங்கே வடியும் என்று பார்க்க, அளவு நாடாவை மேற்கு வேலி தாண்டி வயல் வரப்பு வரைக்கும் இழுத்தோம். நாடா திடீரென்று வர மறுத்தது. போய்ப் பார்த்தால், நெல் வயலுக்குச் சொந்தக்காரர் ஒருவர் அதன் மறுமுனையை மிதித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய நிலத்தில் பாதி ஏற்கெனவே தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. மீதியையும் எடுக்க வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

"நாங்க காலேஜ் பசங்க ஐயா, தண்ணி எங்க போவுதுன்னு பாக்குறோம்" என்றான் கஜேந்திரன். "போன தபா வந்தவங்களும் அதத்தான் சொன்னாங்க" என்றார் அவர், காலை எடுக்காமல். உங்கள் நிலத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்ல நான் யார்? சுகந்தி பக்கத்தில் போய், "நீங்களே பிடிச்சிக்குங்க. நாங்க அந்தக் கோடிக்குப் போய் அளவு படிக்கிறோம். உங்க வரப்புக்கு இந்தாண்ட ஒரு அடி வர மாட்டோம்" என்றாள். அவர் குனிந்து நாடாவை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேலை முடியும் வரைக்கும் நல்ல உதவியாளராக இருந்தார். போகும்போது மட்டும் கஜேந்திரனிடம் சொன்னார்: "அளக்க வந்தவன் எவனும் குடுக்க வந்து நான் பாத்ததில்ல, நைனா."

குழிக்குள் குடித்தனம்

மண் எப்படி என்று தெரிய ஒரு குழி வெட்டிப் பார்ப்பது வழக்கம். மேலே சரளை; அதற்குக் கீழே, ஈரம் பட்டால் வீங்குகிற களிமண். அஸ்திவாரத்தை ஆழமாக எடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். கரையில் கிடந்த மண்ணை மறுபடி தள்ளி மூடுவதற்குள், தவழத் தெரிந்த குழந்தைகள் எல்லாம் அந்த மண்மேட்டின் மேல் ஏறிவிட்டன. சரோஜாவின் பெண் ஒரு பிடி களிமண்ணை எடுத்து ருசி பார்த்தது. மாணவர்களில் ஒருவன் மண்ணைப் பற்றிய குறிப்பில் "சுவை: திருப்திகரம்" என்று எழுதிவைத்தான். நான் கண்டிக்கவில்லை.

அடுத்த வாரம் போனபோது, நாங்கள் மூடாமல் விட்டுவந்த குழியின் ஓரம் சரிவாகச் செதுக்கப்பட்டு, உள்ளே தேங்காய்ச் சிரட்டைகள் கிடந்தன. பெண்கள் யாரோ செய்த வேலை. முறைக்கு நின்றிருந்த ஒருத்தி சிரித்தாள்: "நீங்க கட்டி முடிக்கிறதுக்குள்ள இதுங்க குடி வந்துடுச்சிங்க சார்!"

மேனேஜரின் கேள்வி

மேனேஜர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் படங்களை மேஜையில் விரித்து, வெயிலுக்கு மஞ்சள், காற்றுக்கு நீலம், சத்தத்துக்குச் சிவப்பு என்று கஜேந்திரன் விளக்கியதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். காப்பி வரவழைத்தார். பிறகு படங்களைச் சுருட்டி அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அவருக்குக் கட்டடத்தில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. மேலிடத்தில் காட்ட ஒரு காரணம் வேண்டும். கட்டுவதற்கானாலும் சரி, கட்டாமலிருப்பதற்கானாலும் சரி. நாங்கள் எந்தக் காரணத்தைக் கொடுக்கப்போகிறோம் என்பதுதான் மீதி. எழுந்து நின்று கைகுலுக்கிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அம்பு, கோடு எல்லாம் வேண்டாம் சார். அந்த எடம் ஆகுமா ஆகாதா, ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க. ஆகாதுன்னா லாரி நிறுத்த எடமில்லாம தவிச்சிக்கிட்டிருக்கேன்."

உபசாரம்

எங்களுக்குக் காலை வகுப்பு நேரம் மட்டும்தான் வெளியே போக அனுமதி. காலை ரயிலில் போய், மத்தியான வண்டியில் திரும்பிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டை எங்களைவிடக் கவனமாகக் காப்பாற்றியவள் சரோஜா. வெயில் உச்சிக்கு வருவதற்குள் எங்கிருந்தோ ஒரு தூக்கில் டீ வந்துவிடும். "நாஷ்டா துன்னீங்களா கண்ணு?" என்று ஒவ்வொருவரையும் கேட்பாள். நாடாவைச் சுருட்டிக் கொடுப்பாள். கம்புகளை எடுத்து அடுக்குவாள். பேச்சு சுவாரஸ்யத்தில் நாங்கள் நின்றுவிட்டால், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கோழி விரட்டுகிற மாதிரி எங்களை ரோட்டுக்கு ஓட்டுவாள்.

இப்படி ஒரு அக்கறை எங்களுக்குக் கல்லூரியில்கூடக் கிடைத்ததில்லை. வண்டியில் மாணவர்கள் அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார்கள். எனக்கும் மனம் குளிர்ந்துதான் இருந்தது. ரோடு முனைவரை வந்து அவள் கூப்பிட்டுச் சொல்வது இன்னும் காதில் இருக்கிறது: "கெளம்புங்க சார், கெளம்புங்க! வண்டி உட்டுட்டீங்கன்னா அப்புறம் பேஜாரு!"

மீஞ்சூர்ப் பெண்

சுகந்திக்கு வீடு மீஞ்சூர். கும்மிடிப்பூண்டி வண்டி போகிற வழியிலேயே இருக்கிற ஊர். ஒரு நாள் அவள், "எனக்கு எந்த வண்டியானாலும் ஒண்ணுதான் சார். மத்தியானத்துக்கு மேல அந்த மரத்து நெழல் எங்க விழுதுன்னு வரைஞ்சிட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள். சரி என்றேன். சரோஜா வேண்டாம் என்றாளாம். பொம்பளைப் பிள்ளை தனியாக எதற்கு என்றாளாம். இவள் நகரவில்லை.

மறுநாள் வகுப்பில் அவள் படத்தில் நிழலே இல்லை. கிழக்கிலிருந்து ஒரு அம்பு. அதன் மேல் சிவப்புப் பென்சிலால் "நாற்றம்" என்று எழுதியிருந்தாள். காலையில் மேல்காற்று அடிக்கிறது. சாயத் தொழிற்சாலையின் புகை கடல் பக்கம் போய்விடுகிறது. மத்தியானம் திரும்பியதும் கடற்காற்று எழுந்து அந்தப் புகையை அப்படியே எங்கள் மனைக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. கண் எரிச்சல், தொண்டைக் கமறல். அவள் குரல் அன்றும் கட்டியிருந்தது.

சென்னையில் கட்டடம் வரைகிறவனுக்குக் கடற்காற்று குலதெய்வம். கண்ணைக் கட்டிவிட்டாலும் கிழக்கே ஜன்னல் வைப்பான். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படித்தான் நானும் சொல்லிக்கொடுத்தேன். கஜேந்திரனின் படத்தில் கிழக்குச் சுவர் முழுக்க ஜன்னல். அதை நோக்கி மயில்நீலத்தில் ஒரு பெரிய அம்பு. இதுவரை நான் மாணவர்களை அழைத்துப் போன மனைகளில் எத்தனை மனைகளின் சாயங்காலத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். கஜேந்திரன் தன் அம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "காத்து நல்ல காத்துதான் சார். வர்ற வழிதான் சரியில்ல."

மரத்தடி வாதம்

அடுத்த முறை அனுமதி கேட்டு எல்லோருமே மத்தியானத்துக்கு மேல் தங்கினோம். சரோஜா டீ கொடுத்தாள், துரத்தவில்லை. காற்று திரும்பியது. பழைய இரும்பும் அழுகிய எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு நெடி வந்தது. தூளிக்குள் குழந்தைகள் இருமத் தொடங்கின. "அக்கா, உங்களுக்கு இது தெரியும், இல்ல?" என்று சுகந்தி கேட்டாள்.

"தெரியாம இன்னா? மூக்கு கீதே" என்றாள் சரோஜா. பிறகு கொட்டித் தீர்த்துவிட்டாள். "சொன்னா நீங்க ஆகாதுன்னு எழுதுவீங்க. லாரி வந்து நின்னுக்கும். அப்புறம் இந்தப் பேச்சே ஆரும் எடுக்க மாட்டாங்க. அதான் உங்கள நேரத்தோட அனுப்பிக்கினு இருந்தேன். தப்புதான், போ. ஆனா இதுக்குப் பதில் சொல்லும்மா. இப்ப எம்பொண்ணு இந்த மரத்தடியில, இதே நாத்தத்துலதான கெடக்குது? நாலு செவுரு இருந்தா பாதியாச்சும் தடுக்காதா? மொதல்ல செவுரு எழும்பட்டும்னு பாத்தேன்."

நல்ல இடம் கிடைக்கும் வரை குழந்தைகள் மரத்தடியில் கிடக்கட்டும் என்று சொல்ல எந்தப் பாடப்புத்தகமும் எனக்குத் தைரியம் தரவில்லை. கெட்ட இடத்தை நல்ல இடம் என்று எழுதவும் கை வராது. என் மாணவிதான் பேசினாள். "ஆகாதுன்னு எழுத மாட்டேன் அக்கா. இந்த எடத்துல ஆகும்னும் எழுத மாட்டேன்" என்றாள். சரோஜா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமா, நம்பிக்கையா என்று தெரியாத ஒரு பார்வை. "ஆகும், ஆகாதுக்கு நடுவால ஒரு எடம் கீதுன்னா, அதயும் காட்டேன் பாக்கலாம்" என்றாள்.

மூக்குகளின் அணிவகுப்பு

அந்த நடு இடத்தைத் தேடுகிற யோசனை சுகந்தியுடையது. வகுப்பு முழுவதையும் தொழிற்சாலை நிலம் நெடுகிலும், வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடிவரை, தள்ளித் தள்ளி நிற்கவைத்தாள். நெடி வந்தால் கையைத் தூக்க வேண்டும். போய்விட்டால் இறக்க வேண்டும். காற்றைக் காட்ட, சரோஜாவும் மற்றப் பெண்களும் பழஞ்சேலையைக் கிழித்துக் கொடுத்த துணித்துண்டுகள் எங்கள் சிவப்பு வெள்ளை அளவுக் கம்புகளில் படபடத்தன. நான் நடுவில் நின்றேன். என் மூக்கும் கணக்கில் உண்டு.

கேட்டுப் பக்கம் நின்றவர்கள் தூக்கிய கையை இறக்கவே இல்லை. நடுவில் நாங்கள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். தெற்கே போகப் போகக் கைகள் குறைந்தன. கடைசியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குள் நின்ற கஜேந்திரன், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஆனந்தமாக மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். அங்கே கடற்காற்று புகையைத் தொடாமல் திறந்தவெளி வழியாக வந்தது. டீ இடைவேளைக்கு வெளியே வந்த பட்டறை ஆட்கள் இந்தக் காட்சியைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். ஒருவன் என்னைக் கேட்டான்: "இன்னா சார், நாத்தத்துக்கு ஆஜர் எடுக்குறீங்களா?"

பொன்னுரங்கத்தின் சைக்கிள்

இடம் கிடைத்துவிட்டது, அதில்தான் சைக்கிள்கள் நின்றன. காப்பகம் தெற்கே வந்தால் சைக்கிள் ஸ்டாண்டு வடக்கே, கேட்டுப் பக்கம் போக வேண்டும். பட்டறை ஆண்கள் அங்கே வண்டியை விட்டுவிட்டு வெயிலிலும் மழையிலும் நிலத்தின் முழு நீளத்தையும் நடக்க வேண்டும். "ஆட்கள் ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபம் இல்ல" என்றார் மேனேஜர். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவரின் பெருந்தன்மை அது.

மறுநாள் மத்தியானம் பட்டறை வாசலில் கூட்டம். சரோஜா முன்னால் நின்றாள், முகம் வெளுத்திருந்தது. "மழையில நனைஞ்சிக்கினு நாங்க நடக்கணுமா?" என்றான் ஒருவன். "புள்ளைய ஊட்ல உட்டுட்டு வாங்களேன்" என்றான் இன்னொருவன். "ஊட்ல ஆரு கீறாங்க, உங்கப்பனா?" என்று பெண்கள் பக்கமிருந்து பதில் வந்தது. சிரிப்பும் கூச்சலும் கலந்தன. எல்லோரும் பார்த்தது ஃபிட்டர் பொன்னுரங்கத்தை. சங்கத்தில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. சைக்கிள் மேல் அவருக்கிருந்த பாசமும் பிரசித்தம். தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். கைப்பிடிக்கு அவர் சம்சாரம் பின்னிக்கொடுத்த கம்பளி உறை.

அவர் வடக்குக் கோடிக்கு நடந்தார். புங்கமரத்தடியில் நின்றார். காற்று எழுந்திருந்த நேரம். தொண்டையைச் செருமினார்; துண்டால் மூக்கைப் பொத்தினார். சரோஜாவின் பெண் தூளியிலிருந்து தலையை நீட்டி, அவரைப் பார்த்துக்கொண்டே இருமியது. அவர் திரும்ப அவ்வளவு தூரமும் நடந்துவந்தார். சைக்கிளின் ஸ்டாண்டைக் காலால் தட்டி எடுத்தார். வடக்கே தள்ளிக்கொண்டு போகத் தொடங்கியவர், தோளுக்கு மேல் திரும்பிச் சொன்னார்: "சைக்கிளு இருமாதுப்பா. எடுங்க."

பரீட்சை

வருஷக் கடைசியில் வெளியூரிலிருந்து ஒரு பரீட்சகர் வந்து படங்களைப் பார்த்தார். முதலில் வரைந்தபடியே கேட்டுப் பக்கம் நின்ற கஜேந்திரனுடைய கட்டடம் கண்ணைப் பறித்தது. கிழக்குச் சுவர் முழுக்க ஜன்னல், சாய்வான கூரை, நடுவில் திறந்த முற்றம். முதல் மதிப்பெண் அவனுக்கு. சுகந்தியின் கட்டடம் சாதாரணம், அவளே ஒப்புக்கொள்வாள். "வாசலை ஒட்டி இவ்வளவு நல்ல இடம் இருக்க, கோடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறாயே அம்மா?" என்று பரீட்சகர் கேட்டார். அவள் காரணம் சொன்னாள். அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். காகிதத்தில் நெடி வரவில்லை. பார்டருக்குக் கொஞ்சம் மேலே ஒரு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்.

நான் எழுந்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாமோ என்று அன்று சாயங்காலம் தாழ்வாரத்தில் உலவிக்கொண்டிருந்தேன். கஜேந்திரனும் சுகந்தியும் தரையில் உட்கார்ந்து, அவன் கட்டடத்தை மெல்லிய காகிதத்தில் பிரதியெடுத்து அவள் காட்டிய இடத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அங்கே அவன் ஜன்னல்களுக்கும் மயில்நீல அம்புக்கும் நல்ல காற்றுதான் கிடைக்கும். அதைத்தான் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பப்போகிறோம் என்றான். மாற்றம் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டேன். "ஒரு ஜன்னலக்கூட மாத்த வேணாம் சார். எடம் மாறினதே போதும்" என்றான்.

தூக்கம்

மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். களிமண்ணுக்கு ஆழமான அஸ்திவாரம் எடுத்து, ஓடு வேய்ந்து, அடுத்த கோடைக்குள் காப்பகத்தைத் திறந்துவிட்டார்கள். படத்திலிருந்த முற்றம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அது எங்கும் நடப்பது. நான் மத்தியானம் தாண்டியே போனேன். கேட்டுப் பக்கம் சைக்கிள்கள் வரிசையாக நின்றன, ஒன்றில் கம்பளி உறை. சாய நெடி வழக்கம்போல் இருந்தது. தெற்கே நடக்க நடக்க அது விட்டுப்போயிற்று. ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. பாயில் குழந்தைகள் கைகால்களை வீசிக்கொண்டு தூங்கின. எந்தக் குழந்தையும் இருமவில்லை. வேறு ஏதாவது குறை இருக்குமோ என்று சுவரோரமாகத் தேடிக்கொண்டே போனேன். என் சுபாவம் அப்படி.

சரோஜா வேலை முடிந்து பெண்ணை எடுத்துப்போக வந்தாள். குனிந்து தட்டினாள், கூப்பிட்டாள், உள்ளங்காலைச் சுரண்டினாள். குழந்தை புரண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. என்னைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "இன்னா காத்துய்யா வெச்சீங்க? பொண்ணு எழுந்திருக்கவே மாட்டேங்குது. ஊட்டுக்குப் போய்ச் சோறு ஆக்க வாணாமா நானு?"

ஒரு மனையை அலச எங்களுக்கு ஒரு பென்சிலும் நாலைந்து நிறமும் போதும். அந்த அலசல் கட்டடமாக எழும்ப, அதில் குடியிருக்கப்போகாத பட்டறை ஆட்கள் தினமும் கொஞ்ச தூரம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது.